அப்பாவின் நெஞ்சுப் படம்

ஸ்கேன் ரிப்போர்ட்டை எழுதுகிற மருத்துவர் பெரும்பாலும் நோயாளியின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார். வயது, ஆணா பெண்ணா, எதற்காகப் படம் எடுக்கச் சொன்னார்கள் என்ற ஒற்றை வரி, இவ்வளவுதான் அவரிடம் இருக்கும். இன்னொரு மருத்துவர் படிப்பார் என்று நினைத்துத்தான் அவர் எழுதுகிறார். ஆனால் இன்றைக்கு அதை முதலில் படிக்கிறவர்கள் பிள்ளைகள். என் அப்பாவின் சிடி ஸ்கேன் ரிப்போர்ட் ஒரு சனிக்கிழமை மாலை வாட்ஸ்அப்பில் எனக்கு வந்துவிட்டது. படம் எடுக்கச் சொன்ன மருத்துவரைத் திங்கட்கிழமைதான் பார்க்க முடியும்.

அப்பாவுக்கு அப்போது எழுபத்தொரு வயது. அரசு பஸ்ஸில் நடத்துநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்வதற்காக மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப் போனோம். மயக்க மருந்து கொடுக்கும் முன் வழக்கமாக எடுக்கும் நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒரு நிழல் தெரிந்தது. அறுவையை ஒத்திவைத்து சிடி எடுக்கச் சொன்னார்கள். ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தி சொன்னது இது: வலது நுரையீரலின் மேல் மடலில் 14 மி.மீ. அளவில் ஒரு முடிச்சு, விளிம்பு முள்முள்ளாக இருக்கிறது, புற்றுநோயை மறுப்பதற்கில்லை, மருத்துவக் குறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.

அந்தக் கடைசிப் பத்திக்கு மேலே ஒரு பக்கம் முழுக்க எழுத்து இருக்கிறது. பயத்தில் அதை யாரும் படிப்பதில்லை. நான் அன்றிரவு அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நெஞ்சின் நடுவிலுள்ள நிணநீர் முடிச்சுகள் பெரிதாகவில்லை. நுரையீரலைச் சுற்றி நீர் கோக்கவில்லை. படத்தில் தெரிகிற அளவுக்குக் கல்லீரலும், சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகளும் இயல்பாக இருக்கின்றன. நெஞ்சுக்கு எடுத்த படத்தில் அட்ரினலைப் பற்றி எதற்கு எழுதுகிறார்கள் என்றால், நுரையீரல் புற்று பரவினால் அடிக்கடி போய் உட்காருகிற இடங்களில் அதுவும் ஒன்று. ஆக எழுதியவர் தேடியிருக்கிறார், தேடிய இடத்தில் எதுவும் இல்லை. மோசமான செய்தியைத் தாங்கிய அதே தாளில்தான் இந்த நல்ல செய்திகளும் இருந்தன. அந்த இரவுக்கு அவை எனக்குப் போதுமானதாக இருந்தன.

அடுத்த நாள் காலையில் குடும்பத்துக்குள் விவாதம் தொடங்கியது. அண்ணன் பெங்களூரிலிருந்து பேசினான். அத்தை, அப்பாவின் தங்கை, நேரிலேயே வந்துவிட்டார். இருவரும் சொன்னது ஒன்றுதான்: அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். "அண்ணன் காதில் போட்டுவிடாதே, தாயி. அந்தப் பேரைக் கேட்டாலே பாதி உயிர் போய்விடும்" என்றார் அத்தை. சளி கட்டியிருக்கிறது என்று சொல்லிக் கூட்டிப் போகலாம், மருத்துவரிடம் முன்கூட்டியே நாம் பேசிவிடலாம் என்றான் அண்ணன்.

இதை அன்பில்லாமல் யாரும் சொல்வதில்லை என்பது எனக்குத் தெரியும். நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பதும் இதுதான். நோயாளிக்கு வெளியே ஒரு பெஞ்சைக் காட்டிவிட்டு, உள்ளே மகனும் மருமகனும் மருத்துவரிடம் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். ஆனாலும் எனக்கு அதில் சம்மதம் இல்லை. அது அப்பாவின் நுரையீரல். ஊசி குத்தப்போவது அவர் உடம்பில். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் முதலாவதாக இருப்பதே தகவல் அறியும் உரிமைதான். அதையெல்லாம் அத்தையிடம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. "அப்பாவுக்குத் தெரியாமல் நான் எங்கேயும் கூட்டிப் போக மாட்டேன், அத்தை" என்று மட்டும் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

அப்பா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து ரிப்போர்ட்டை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். புற்றுநோய் என்ற சொல்லையும் விடவில்லை. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் அதைச் சற்று உரக்கவே சொல்ல வேண்டியிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். நல்ல வெயில் நேரம், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. பிறகு கேட்டார்: "எந்தப் பக்கம் என்று சொன்னாய்?"

"வலது பக்கம், மேலே."

"அது பழையது, பாப்பா" என்றார்.

1977-இல், அவருக்கு இருபத்து நான்கு வயதில், டி.பி. வந்திருந்தது. இருமலில் ரத்தம் பார்த்துப் பயந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். திருமங்கலத்தில் அவருடைய பெரியம்மா வீட்டில் தங்கிக்கொண்டு ஊசிக்காகத் தினமும் பஸ் ஏறியிருக்கிறார். பிறகு வாரம் இரண்டு ஊசி, கூடவே மாத்திரை என்று ஒன்றரை வருடம் ஓடியிருக்கிறது. குணமாகிவிட்டது என்று சீட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் ஊருக்குத் திரும்பினார். வேலை கிடைத்தது. 1981-இல் கல்யாணம் நடந்தது. பெரியம்மாவையும் தாத்தாவையும் தவிர யாருக்கும் தெரியாது. அத்தைக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

அப்போதெல்லாம் டி.பி. வந்த வீட்டில் பெண் கொடுக்க மாட்டார்கள். எடுக்கவும் மாட்டார்கள். தாத்தா வாயைக் கட்டிவிட்டார், அப்பாவும் கட்டிக்கொண்டார். ரிப்போர்ட்டைக் காட்டாமல் சளி என்று சொல்லிக் கூட்டிப் போயிருந்தால் இந்த விஷயம் வெளியே வந்திருக்குமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வந்திருக்காது. சளி என்றால் அவரும் சளி என்றே விட்டிருப்பார். நாம் அவரிடம் ஒன்றை மறைப்போம், அவர் நம்மிடம் ஒன்றை மறைப்பார், நடுவில் உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கு இரண்டுமே கிடைக்காது.

திங்கட்கிழமை பார்த்த நுரையீரல் மருத்துவர் வயதில் என்னைவிடச் சிறியவர். எங்கள் தாளை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, "சிடி டிஸ்க் கொண்டுவந்தீர்களா?" என்று, படங்கள் பதிந்த வட்டைக் கேட்டார். இதை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்: ரிப்போர்ட் தாளோடு மட்டும் திரும்பி வராதீர்கள், படங்கள் முழுவதும் உள்ள வட்டைக் கேட்டு வாங்குங்கள். தாளில் இருப்பது ஒருவர் பார்த்ததைப் பற்றி எழுதியது. வட்டில் இருந்தால் அடுத்தவரும் தன் கண்ணால் பார்க்கலாம்.

அவர் திரையைத் திருப்பி வைத்து அப்பாவுக்கே காட்டினார். நெஞ்சு மெல்லிய துண்டங்களாக மேலிருந்து கீழே நகர்ந்தது. கறுப்பு நுரையீரலுக்குள் வெள்ளை ரத்தக் குழாய்கள் கிளைத்துக் கிளைத்து மறைந்தன. ஒரு இடத்தில் நிறுத்தினார். புளியங்கொட்டை அளவுக்கு ஒரு சாம்பல் நிற உருண்டை. அதன் ஓரத்திலிருந்து மெல்லிய இழைகள் நாலா பக்கமும் நீண்டிருந்தன. ரிப்போர்ட் சொன்ன முட்கள் அவைதான். சிடி படத்தில் ஒவ்வொரு சாம்பல் நிறத்துக்கும் ஓர் எண் உண்டு. காற்றுக்கு மைனஸ் 1000, தண்ணீருக்கு 0, எலும்புக்குப் பல நூறு. 1971-இல் லண்டனில் முதல் நோயாளியைப் படம் பிடித்த இந்தக் கருவியை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில்தான் அந்த அளவு இன்றும் வழங்குகிறது. மருத்துவர் உருண்டையின் ஓரத்தில் சுட்டியை வைத்தார், எண் சட்டென்று உயர்ந்தது. அங்கே கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து படிந்திருந்தது.

"நடுவில் முழுசாகச் சுண்ணாம்பு ஏறியிருந்தால் பழைய தழும்பு என்று இப்போதே சொல்லி அனுப்பிவிடுவேன். இது ஓரத்தில் இருக்கிறது. இதை வைத்து இரண்டு பக்கமும் சொல்ல முடியாது" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "ஐயா, முன்னால் டி.பி. ஏதாவது?" என்று கேட்டார். அப்பா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. வருடம், ஊசி, மாத்திரை, எல்லாவற்றையும் சொன்னார். பீடி குடித்த வருடங்களையும் சேர்த்துச் சொன்னார். மருத்துவர் எழுதிக்கொண்டே வந்தவர் நடுவில் நிமிர்ந்து, "காது எப்போதிலிருந்து மந்தம்?" என்றார்.

பஸ் இன்ஜின் சத்தத்தில் போன காது என்றுதான் நாங்கள் வளர்ந்த காலம் முழுக்க நம்பியிருந்தோம். அந்தக் காலத்தில் டி.பி.க்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிக்குக் காதின் உள்பகுதியைத் தாக்குகிற குணம் உண்டு, தலைசுற்றலும் காதிரைச்சலும் வரும். அப்பாவுக்கு ஊசி போட்ட நாட்களிலேயே காதில் இரைச்சல் இருந்திருக்கிறது. இன்ஜினா ஊசியா என்று இனிமேல் பிரித்துச் சொல்ல வழியில்லை என்றார் மருத்துவர். ஒரு ஊசி உயிரைக் காப்பாற்றிவிட்டுக் காதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அப்பாவுக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. எனக்குத்தான் அன்று பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது.

பழைய எக்ஸ்ரே எது இருந்தாலும் கொண்டுவாருங்கள், எத்தனை வருடம் பழையதோ அவ்வளவு நல்லது என்று சொல்லியிருந்தார். வீட்டு பீரோவில், பத்திரங்களுக்கும் ரேஷன் கார்டுக்கும் அடியில், 2013-இல் விடாத காய்ச்சலுக்கு எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று பழுப்பு உறையில் கிடைத்தது. அம்மாவுக்கு எதையும் எறியும் பழக்கம் இல்லை. ஃபிலிம் லேசாக ஒட்டிக்கொண்டிருந்தது. வெளிச்சப் பெட்டியில் செருகிப் பார்த்த மருத்துவர், வலது மேல் பகுதியில் விரல் வைத்து, இங்கே அப்போதே ஏதோ இருந்திருக்கிறது என்றார். எக்ஸ்ரேயில் விளிம்பும் அளவும் துல்லியமாகத் தெரியாது. ஆனால் அதே இடம்.

நுரையீரலின் மேல் பகுதி டி.பி.க்குப் பிடித்த இடம். நுரையீரல் புற்றும் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. அதனால்தான் இந்த நாட்டில் நெஞ்சுப் படம் பார்க்கிறவர்களின் வேலை கடினமானது. புகை பிடித்த, எழுபது வயதுள்ள ஒருவரின் மேல் மடலில் இப்படி ஒரு முடிச்சைப் பார்த்தால் டி.பி. அரிதான நாட்டில் ஒரு மருத்துவர் ஏறக்குறைய ஒரே திசையில்தான் யோசிப்பார். இங்கே இரண்டு திசையும் திறந்திருக்கின்றன. இன்னொரு சிக்கலையும் அவர் மறைக்காமல் சொன்னார். பழைய டி.பி. தழும்பு உள்ளவர்களுக்கு நுரையீரல் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம், சில சமயம் அந்தத் தழும்பிலேயே கிளம்பும். ஆகவே பழைய எக்ஸ்ரே பாதி ஆறுதல். மீதிக்கு ஊசி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் பெட் ஸ்கேன். புற்று வேகமாக வளர்வதால் சர்க்கரையை அதிகம் உறிஞ்சும். அதனால் கதிர்வீச்சு ஏற்றிய சர்க்கரையை ரத்த நாளத்தில் செலுத்தி, உடம்பில் அது எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்கிறார்கள். அந்தக் கதிர்வீச்சு ஏறக்குறைய 110 நிமிடங்களுக்கு ஒருமுறை பாதியாகிவிடும், மருந்தைச் சேமித்து வைக்க முடியாது. சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள் என்று அவர்கள் வற்புறுத்தியதன் காரணம் இதுதான். அப்பாவைப் பேசக்கூடாது, கையைக் காலை அதிகம் ஆட்டக்கூடாது என்று ஒரு அறையில் படுக்க வைத்தார்கள், தசை சர்க்கரையை இழுத்துக்கொண்டுவிடும் என்பதால். முடிச்சு மிதமாக ஒளிர்ந்தது. வேறு எங்கும் எதுவும் இல்லை. அந்த மிதமான ஒளி எதையும் முடிவு செய்யாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார், டி.பி. கட்டிகளும் சர்க்கரையை இழுக்கும். உடம்பில் வேறு எங்கும் பரவல் இல்லை என்று தெரிந்ததே எங்களுக்கு அதன் பயன்.

இதற்கிடையில் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் போக முடியாது. அப்பா தானாகவே டி.பி. வந்த கதையை அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா அழவில்லை, சண்டையும் போடவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டார். சாப்பாட்டுத் தட்டை மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். எனக்கு ஸ்கேனைவிட இது பெரிய கவலையாகிவிட்டது. சில நாட்கள் கழித்து ஒரு இரவு, அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எதிரில் உட்கார்ந்து அம்மா கேட்டார்: "அந்த ஒன்றரை வருஷம் உங்களுக்கு யார் சோறு போட்டார்கள்?"

பெரியம்மாதான் என்றார் அப்பா. தனித் தட்டு, தனி டம்ளர். அலுமினியத் தட்டு, அதில் ஓர் ஓரம் நசுங்கியிருக்கும். சாப்பிட்டு முடித்ததும் அவரே கழுவிக் கொல்லைப்புறத்து மாடத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும். பெரியம்மா பாசமானவர்தான், முட்டையும் பாலும் தவறாமல் கொடுத்திருக்கிறார், ஆனால் தட்டை மட்டும் தொட மாட்டார். அம்மா வெகுநேரம் அந்தத் தட்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்.

டி.பி. தட்டு வழியாகப் பரவுவதில்லை, இருமலில் கிளம்பும் காற்று வழியாகத்தான் பரவும். இதில் எனக்கு ஆறாத ஒரு விஷயம் உண்டு. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், இன்றைக்குச் சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், சானடோரியம் என்ற தங்கும் காசநோய் மருத்துவமனையில் வைத்து வைத்தியம் பார்ப்பதையும் வீட்டில் வைத்துப் பார்ப்பதையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் வீட்டிலிருப்பவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகிறார்கள், அதனால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை என்று 1959-இல் முடிவு வெளியானது. உலகம் முழுக்க சானடோரியங்களின் காலம் முடிந்ததில் அந்தச் சென்னை ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. அதன்பின் பதினெட்டு வருடம் கழித்தும், அதே தமிழ்நாட்டில், திருமங்கலத்து வீடொன்றில் இருபத்து நான்கு வயதுப் பையன் நசுங்கிய தட்டைத் தானே கழுவிக்கொண்டிருந்திருக்கிறார். அறிவு சேத்துப்பட்டிலிருந்து எங்கள் அடுக்களைக்கு வந்து சேரவில்லை.

ஊசி வைத்த அன்று அண்ணன் வந்திருந்தான். சிடி கருவிக்குள் அப்பாவைப் படுக்கவைத்து, முதுகுப் பக்கமாக நீண்ட ஊசியைச் செலுத்தி, படம் பார்த்துப் பார்த்து முடிச்சுக்குள் கொண்டுபோய்த் துணுக்குகள் எடுத்தார்கள். நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்றுக் கசியலாம் என்று முன்பே கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்தை அப்பாவே போட்டார். அவருக்குத் தெரியாமல் இதையெல்லாம் எப்படி நடத்தியிருப்போம் என்று அண்ணன் அப்போது என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. லேசாகக் காற்றுக் கசிந்தது. ஆக்சிஜன் வைத்து, மாலையில் மறுபடி எக்ஸ்ரே எடுத்து, பெரிதாகவில்லை என்று பார்த்தபின் இரவு அங்கேயே தங்கச் சொன்னார்கள்.

துணுக்குகளில் ஒரு பங்கு புற்றுச் செல் தேட, ஒரு பங்கு டி.பி. கிருமி தேட. முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. காத்திருக்கும் நாட்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் பெரிய உபாயம் எதுவும் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் கைபேசியில் நோயைப் பற்றித் தேடுவதில்லை என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். உறவினர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு முழுவதையும் அண்ணன் எடுத்துக்கொண்டான், அது எவ்வளவு பெரிய உதவி என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அப்பா வழக்கம்போலக் காலையில் கண்மாய்க் கரைவரை நடந்துவிட்டு வந்தார்.

புற்றுச் செல்கள் இல்லை. பழைய டி.பி.யில் காணப்படும் வகை அழற்சித் திரள்கள் இருந்தன. உயிருள்ள கிருமி இல்லை, ஆகவே மருந்தும் தேவையில்லை. மகிழ்ச்சியில் அத்தை இனிப்பு வாங்கக் கிளம்பிவிட்டார். மருத்துவர் மட்டும் நிதானமாகவே பேசினார். ஊசி எடுத்தது ஒரு துணுக்கைத்தான், அது முடிச்சு முழுவதற்கும் சாட்சி சொல்லாது. அதனால் மூன்று மாதத்தில் மறுபடி ஒரு சிடி. நுரையீரல் புற்றுகள் பெரும்பாலும் ஒரு மாதத்திலிருந்து ஓராண்டுக்குச் சற்று மேல்வரையான காலத்தில் கனஅளவில் இரட்டிப்பாகும். இரட்டிப்பு என்றால் கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியாது. 14 மி.மீ. உருண்டை கனஅளவில் இரட்டிப்பானால் அதன் விட்டம் 18 மி.மீ.க்குக்கூட வராது. ஆகவேதான் கண்ணளவில் விடாமல் அளந்து அளந்து பார்க்கிறார்கள். இதை அவர் ஒரு தாளில் இரண்டு வட்டம் போட்டு அப்பாவுக்கு விளக்கினார். அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று மாதத்துக்குப் பிறகு எடுத்த படத்தில் 13 மி.மீ. என்று எழுதியிருந்தது. குறைந்துவிட்டதா என்று ஆவலோடு கேட்டோம். ஒரு மில்லிமீட்டர் என்பது அளக்கும் கையில் வரும் வித்தியாசம், குறையவும் இல்லை, கூடவும் இல்லை, கூடாமல் இருப்பதுதான் நமக்கு வேண்டியது என்றார். அடுத்த படத்திலும் அப்படியே இருந்தது. திட முடிச்சு இரண்டு வருடம் மாறாமல் இருந்தால் பொதுவாகக் கவலையை விட்டுவிடலாம் என்பது கணக்கு. இன்னும் அந்தக் கணக்கு முடியவில்லை. ஒவ்வொரு முறை படம் எடுப்பதற்கு முந்தின வாரமும் எனக்குத் தூக்கம் கெடத்தான் செய்கிறது. பழகிவிடும் என்று சொன்னார்கள், பழகவில்லை.

தள்ளிப்போட்ட குடலிறக்க அறுவையைச் சென்ற தை மாதம் செய்தோம். முந்தின நாள் மயக்க மருத்துவர் வந்து கட்டிலருகே நின்று, ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா என்று கேட்டார். நான் வாயெடுக்கும் முன்பே அப்பா, "1977-இல் டி.பி. இருந்தது, ஊசி போட்டுக் குணமாகிவிட்டது. வலது பக்கம் தழும்பு இருக்கிறது, வட்டு என் மகளிடம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். காது கேட்காது, கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள்" என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களுக்கும் அது கேட்டது. அம்மா பையிலிருந்து வட்டை எடுத்து மருத்துவரிடம் நீட்டினார்.